மஞ்சள் தொடாத துணி

பரஞ்சோதி அண்ணாச்சியின் தோளில் போட்ட துணி கழலாமல் நின்றுபோனது, வாய்க்கால்பாலத்தில் பழைய மார்க்கெட்டை இடித்துப்போட்ட இடத்தில் புது வணிக வளாகத்தைத் திறந்துவைத்த அன்றைக்குத்தான். நல்ல சித்திரை வெயில். மேடைக்கு மேலே பந்தல், பந்தலுக்கு மேலே பேனர், பேனரில் அண்ணாச்சி கைகூப்பிச் சிரிக்கிறார், பேனருக்குக் கீழேயும் அண்ணாச்சி கைகூப்பிச் சிரிக்கிறார். எங்கள் ஊர் நகராட்சியாக இருந்து மாநகராட்சியாகி, சந்தெல்லாம் ரோடாகி, ரோடெல்லாம் பாலமாகி, பாலத்தடியில் குடியிருந்த சனமெல்லாம் ஊருக்கு வெளியே, தண்ணி ஏறாத அடுக்குமாடிகளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போன காலம் அது. எங்கள் வார்டில் அத்தனைக்கும் ரிப்பன் வெட்டியவர் கவுன்சிலர் பரஞ்சோதி அண்ணாச்சி. அடுத்த மேயர் அவர்தான் என்று ஊரில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்தான்.

மேடை என்றால் பொன்னாடை உண்டு. பொன்னாடையை வேண்டாம் என்று சொன்ன அரசியல்காரர் எங்கள் ஊரில் கிடையாது. வேண்டாம் என்றால் போட வந்தவனுக்கு முகம் செத்துப்போகும், அவன் தெரு ஓட்டும் செத்துப்போகும். அதனால் யார் கொண்டுவந்தாலும் குனிந்து வாங்கி, போட்டோவுக்குச் சிரித்து, அடுத்த ஆள் வருவதற்குள் உருவிப் பின்னால் நீட்டிவிட வேண்டும். பின்னால் நிற்கிற கோமதிநாயகம், அண்ணாச்சி தும்மினால் துண்டு நீட்டுகிற ஆள், அதை மடித்துப் பையில் போட்டு மறுநாள் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவான். அடுத்த கூட்டத்துக்கு அதே சால்வை வேறொருத்தன் கையில் புதுக் கவரோடு வந்து அதே தோளில் விழும். பழைய ஜரிகை குத்துகிறது என்று அண்ணாச்சி கழுத்தைச் சொறிவதை, மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர் பெட்டியோடு உட்கார்ந்து நான் எத்தனையோ கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். மைக்செட் கட்டுகிறவனுக்கு மேடையின் முதுகுதான் தெரியும். ஆனால் பேசுகிறது எல்லாம் முதலில் அவன் காதில்தான் விழும்.

அன்றைக்குப் பொன்னாடை போட ஏற்பாடு செய்திருந்த ஆட்களில் சந்தனமாரியும் ஒருத்தி. கருவாட்டுக் கடைக்காரி. பழைய மார்க்கெட்டில் அவளும் அவள் புருசன் சுடலைமுத்துவும் நெத்திலியும் சாளையும் பரப்பி உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலேதான் அன்றைக்கு மேடையே போட்டிருந்தார்கள்.

அந்த மார்க்கெட் இடிந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வரைக்கும் கெடு, அதுவரை யாரும் பயப்பட வேண்டாம் என்று அண்ணாச்சியே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சனம் அதை நம்பித் தட்டுமுட்டுச் சாமான்களை ஆற அமர ஒதுக்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை விடியும்போது, பால்வண்டி வருவதற்கு முன்னால், புல்டோசர் வந்து நின்றது. நாயும் எலியும் வாய்வைக்காமல் இருக்க சுடலைமுத்து கடைக்குள் சாக்கு மூட்டைமேல் படுத்துக்கிடந்தார். டீ வாங்கப் போயிருந்த சந்தனமாரி தூக்குவாளியோடு ஓடிவந்து, ஓரமாக நின்ற அண்ணாச்சியின் கார்க்கண்ணாடியைத் தட்டி, உள்ள ஆள் கெடக்கு அண்ணாச்சி, உள்ள ஆள் கெடக்கு என்று சொன்னாள். காருக்குள் இருந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியை மேலே ஏற்றினார். ஏற்றின கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை, போகட்டும் என்று புல்டோசர்க்காரனுக்கு அசைந்ததையும் அவள் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ‘அந்திச்செய்தி’ பேப்பரில் வந்துவிட்டது. குடிபோதையில் ஆக்கிரமிப்புக் கடைக்குள் படுத்திருந்தவர் பலி. அண்ணாச்சி போனில் சொன்னதை நிருபர் பாக்கியநாதன் அப்படியே இறக்கிவைத்திருந்தார். சுடலைமுத்து வெற்றிலைக்குப் பாக்குகூட வைக்காத மனுசன். செய்தியைப் படித்தவன் மறந்துவிடுவான், பேப்பர் வடை மடிக்கப் போய்விடும், அதெல்லாம் சரிதான். ஆனால் மார்க்கெட்டை இடித்தபிறகு மார்க்கெட் ஸ்டாப்பை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாத ஷேர் ஆட்டோக்காரர்கள், புதிதாக ஊருக்கு வந்தவர்கள், ‘குடிகாரன் ஸ்டாப்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் ஒருத்தர், பிறகு எல்லாரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆபீசுக்குப் போகிற பெண்பிள்ளைகள், எல்லாரும் குடிகாரன் ஸ்டாப் ஒண்ணு என்று கேட்டு ஏறினார்கள், இறங்கினார்கள். அடுக்குமாடியிலிருந்து கருவாட்டுக் கடகப்பெட்டியோடு வருகிற சந்தனமாரி அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, பாரத்தைத் தலையில் வைத்து, வெயிலில் நடந்து வருவாள். புருசன் உயிரைக் கொண்டுபோனவர்கள் அவர் பேரையும் கொண்டுபோய்விட்டார்கள். உயிர் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். பேரை மட்டும் விடுவதாக அவள் இல்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் செத்துவிட்டால் மச்சினன் வீடு, சம்பந்தி வீடு, மருமகன் வீடு என்று உறவுமுறை ஒவ்வொன்றும் புதுத்துணி எடுத்துவந்து உடம்பின்மேல் போர்த்த வேண்டும். கோடித்துணி என்போம். உயிரோடு இருந்த காலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன்கூடக் கோடியோடு வந்து நிற்பான். கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் எடுக்கிற புதுத்துணி என்றால் ஓரத்தில் ஒரு சொட்டு மஞ்சள் தொட்டு வைப்போம். கோடிக்கு மஞ்சள் தொடுவதில்லை. சுடலைமுத்துவின் உடம்பு வீட்டுக்கு வந்தால் ஊர்வலமாகும், மறியலாகும் என்று அண்ணாச்சி யார் யாரையோ பிடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மின்மயானத்துக்குக் கொண்டுபோக வைத்துவிட்டார். வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாரும் கையில் கோடித்துணியோடு காத்திருந்து காத்திருந்து, கடைசியில் சாம்பல்தான் வந்தது. சாம்பல்மேல் எங்கே போர்த்துவது? போர்த்தாத கோடியை உடுத்தவும் முடியாது, இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் முடியாது, தூரப் போடவும் மனசு வராது. அவரவர் பெட்டியில் அடியில் வைத்துப் பூட்டினார்கள். சந்தனமாரியின் அண்ணன், மச்சினன் முறைக்கு எடுத்துவந்த பச்சைக்கரைத் துணியை அவளிடமே கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்.

திறப்புவிழாவில் அவள் கையால் பொன்னாடை போடவைக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் யோசனை. செத்தவன் பெண்டாட்டியே பொன்னாடை போட்டுவிட்டால் அதற்கப்புறம் எவன் வாயைத் திறப்பான் என்று கோமதிநாயகத்திடம் சொல்லிச் சிரித்தார். வளாகத்தில் ஒரு மூலையில் கடை தருகிறோம் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். சந்தனமாரி சரி என்றாள். எங்கள் ஆட்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏளா, நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடுதியா என்று கேட்காத பொம்பளை இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

விழாவன்றைக்குக் கோமதிநாயகம் அவள் கையில் ஜரிகைச் சால்வையைக் கவரோடு கொடுத்தான். அவள் அதை நாற்காலியில் வைத்துவிட்டு, மடியிலிருந்து பச்சைக்கரைத் துணியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். சாதாரணப் பருத்தித் துணி, பேப்பரில் எளிமையாகத் தெரியும் என்று அவனும் விட்டுவிட்டான். அண்ணாச்சி வீட்டு வழக்கமும் எங்கள் வழக்கம்தான், அவரும் எத்தனையோ கோடி போர்த்தினவர்தான், ஆனாலும் அவர் துணியின் ஓரத்தைப் பார்க்கவில்லை. கேமரா எந்தப் பக்கம் என்றுதான் பார்த்தார். அவள் இரண்டு தோளையும் மூடிப் போர்த்தினாள், பிணத்துக்குப் போர்த்துகிற மாதிரியே கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு இழுத்து நீவிவிட்டாள். பக்கத்தில் மைக் இருந்ததால் அவள் காதோடு சொன்னது என் பெட்டியில் கேட்டது.

“அவரு குடிக்கல. உள்ள ஆள் கெடந்தது ஒங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிருங்க அண்ணாச்சி.”

அவர் சிரிப்பு மாறாமல், சரிம்மா, போ என்றார். போட்டோ எடுத்தார்கள். அடுத்த ஆள் வந்து நின்றான். அண்ணாச்சி துணியை உருவினார், வரவில்லை. கோமதிநாயகம் பின்னாலிருந்து இழுத்தான், அண்ணாச்சி மல்லாந்து நாற்காலியில் உட்கார்ந்தார். துணி உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்த் தையல்காரரைக் கூப்பிட்டார்கள். கத்தரிக்கோல் வெட்டத்தான் செய்தது. வெட்டின இடம் தண்ணியைக் கிழித்த மாதிரி பின்னாலேயே கூடிக்கொண்டது. ஆயுசிலேயே இப்படி நல்ல துணி வெட்டியதில்லை என்று தையல்காரர் பாராட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். டாக்டர் வந்து பார்த்து, தோலில் ஒன்றுமில்லை, பருத்திதானே, வெயிலுக்கு நல்லது என்றார். அண்ணாச்சி சம்சாரம்தான் வந்து துணியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தது. நாலு மூலையையும் பார்த்தது. “இது கோடித்துணில்லா” என்றது. “யாருக்கு எடுத்தது?” என்று கேட்டது. வாயை மூடு என்றார் அவர். அன்றைக்கே அந்த அம்மா தன் பாயை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டது, பொட்டில்லாமல் நிற்கப் பயந்து குங்குமத்தை அழுத்தி வைத்துக்கொண்டது.

மறுநாள் கேபிள் சேனலில் கேள்வி கேட்டார்கள், ஏன் அண்ணாச்சி நேற்றுப் போட்ட பொன்னாடையோடேயே இருக்கிறீர்கள் என்று. அங்கேதான் அவர் தன் குழியைத் தானே வெட்டினார். கழலவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஊர் கோயிலுக்குப் போகச் சொல்லியிருக்கும், ஏதாவது பரிகாரம் நடந்திருக்கும். அவர் கைகூப்பிக்கொண்டு, இது வாய்க்கால்பாலத்து ஏழைத்தாய் அன்போடு போட்டது, இனிமேல் மக்கள் போடுகிற பொன்னாடை எதையும் நான் கழற்றப்போவதில்லை, இது சபதம் என்றார். பாக்கியநாதன் கொட்டை எழுத்தில் போட்டார். சுவரெல்லாம் போஸ்டர். கட்சித் தலைமையிலிருந்து போன் வந்ததாம், இப்படியல்லவா மக்கள் ஊழியன் இருக்க வேண்டும் என்று. சபதம் செய்த ஆள் அதன்பிறகு யார் துணி நீட்டினாலும் தோளைக் காட்டியாக வேண்டும்.

கட்சிக்காரர்கள் பட்டும் ஜரிகையுமாகக் கொண்டுவந்து போட்டார்கள். அதெல்லாம் போட்ட வேகத்தில் சறுக்கிக் கீழே விழுந்தது, எண்ணெய் தடவின தோளில் போட்ட மாதிரி. ஊசி குத்தினாலும் நிற்கவில்லை. பச்சைக்கரை மட்டும் அசையாமல் கிடந்தது. பேப்பரில் வந்த போட்டோவை ரேஷன்கடை வரிசையில் நின்ற பொம்பளைகள்தான் முதலில் உற்றுப் பார்த்தார்கள். துணியின் நான்கு மூலையும் வெறுமனே இருந்தது. மஞ்சள் இல்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். சந்தனமாரியை வாய்க்கு வந்தபடி பேசினவர்கள் எல்லாம் அன்றைக்குச் சீனியைக்கூட வாங்க மறந்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார்கள்.

சுடலைமுத்துவின் சம்பந்தி வந்தார், அக்காள் மருமகன் வந்தார், பங்காளி வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்று, மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, போர்த்தி, நீவி, ஒப்பாரியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒன்றுமே சறுக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டது. போட்டோக்காரர் பாவம், வருகிறவர்கள் யாருமே சிரிக்கமாட்டேன் என்கிறார்களே என்று வருத்தப்பட்டார்.

பிறகு மற்ற தெருக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். மூடாமல் போட்ட பாதாளச் சாக்கடைக் குழியில் மழைநாளில் விழுந்து செத்துப்போன மாணிக்கவல்லியின் வீட்டுக்காரர், அண்ணாச்சி பிறந்தநாள் ஊர்வலத்தில் ரோடு அடைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவுக்குள்ளேயே தகப்பனைப் பறிகொடுத்த மீரான் பாய், அடுக்குமாடியில் தண்ணிக்குடத்தோடு படியேறி நெஞ்சடைத்து விழுந்த கிழவரின் மக்கள், எல்லாரும் மஞ்சள் தொடாத புதுத்துணியோடு வந்தார்கள். மீரான் பாய், உங்க சடங்கெல்லாம் எனக்குத் தெரியாது, வாப்பாவை அடக்கம் பண்ண எடுத்த கபன் துணியில் மிஞ்சினது இருக்கிறது, பரவாயில்லையா என்று வரிசையில் கேட்டார். பரவாயில்லை பாய், போடுங்க என்றார்கள். அதுவும் நின்றது. தொண்ணூறு வயதில் தூக்கத்தில் போன தகப்பனுக்காக ஒருத்தன் கோபத்தில் கொண்டுவந்து போட்டான்; அது சறுக்கி விழுந்துவிட்டது. அவனும் சரிதான் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்படித்தான் ஊர் தெரிந்துகொண்டது, இவர் கைபட்ட சாவு என்றால் நிற்கும், இல்லை என்றால் நிற்காது என்று. கோர்ட்டுக்கு அலைந்தவர்கள், மனுக்கொடுத்து மனுக்கொடுத்துச் சலித்தவர்கள், ஒரு துணியோடு வந்து நின்று ஒரு நிமிசத்தில் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊர் அதற்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. துணிக்கடையில் விலை கேட்பதற்கு முன்னால் மஞ்சள் வைக்கவா வேண்டாமா என்று கேட்டார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு மோர் விற்றார்கள். வேலை விட்டு வருகிறவர்களுக்காக ஆபீஸ் இருட்டும்வரை திறந்திருந்தது. டீக்கடையில், அண்ணாச்சிக்கு மட்டும் மார்கழி பிறந்துட்டு வே, நமக்குத்தான் இன்னும் அக்கினி வெயில் முடியல என்று கேலி பேசினார்கள். அண்ணாச்சி பெருத்துக்கொண்டே போனார். காரில் நுழைய முடியாமல் மினிலாரியில் நின்றுகொண்டு போனார். போகிற வழியெல்லாம் சனம் கும்பிட்டது. தலைமைக்கு அந்த வீடியோ போனது. இவ்வளவு செல்வாக்கா என்று அவர்கள் மலைத்தார்கள். ஏசி மூன்றை ஓடவிட்டும் உள்ளே வெந்தார். எல்லாத் துணிக்கும் அடியிலிருந்து, முதல் துணியிலிருந்து, கருவாட்டு வாசனை வந்துகொண்டே இருந்தது. கோமதிநாயகம் பன்னீர் தெளித்துப் பார்த்தான். பன்னீரும் கருவாடுமாக மணத்தது.

ஒரு மத்தியானம் அவர் மினிலாரியை நிறுத்தி, வளாகத்தின் படிக்கட்டில் கடகத்தோடு உட்கார்ந்திருந்த சந்தனமாரியிடம் வந்தார். உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் செல்போன் கடையும் துணிக்கடையும் குளிர்ந்துகொண்டிருந்தன. அவளுக்குச் சொன்ன மூலைக் கடை கோமதிநாயகத்தின் மைத்துனன் பேருக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. அண்ணாச்சி குனிய முடியாமல் நின்றவாக்கில் கேட்டார்.

“முன்வாசக் கடையே தாரேன். இதை மட்டும் எடுத்துவிடு தாயி.”

“கடை வேண்டாம் அண்ணாச்சி. நான் கேட்டது ஒரு பேச்சு.”

“அதைச் சொன்னா நான் செத்தேன்.”

சந்தனமாரி ஈயை விரட்டினாள். “அதுக்குத்தான அண்ணாச்சி போர்த்தியிருக்கு” என்றாள். கடகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “எங்க பெரியப்பா மக்க வடக்க எல்லாம் இருக்காவ. அவங்களுக்கு இன்னும் சொல்லிவிடல” என்றாள்.

அவர் திரும்பிப் போகும்போது படியில் ஒரு துணியின் நுனி மாட்டி, ஆட்கள் பிடித்து இறக்கினார்கள். அவள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அந்த வாரம் முழுக்க வெளியூர் பஸ்களிலிருந்து கையில் பொட்டலத்தோடு ஆட்கள் இறங்கினார்கள்.

மேயர் வேட்பாளர் அறிமுகக் கூட்டம் பொருட்காட்சித் திடலில் நடந்தது. ஊர் முழுக்க ஹாரன் கட்டச் சொல்லியிருந்தார்கள். திடலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை, அங்கிருந்து வாய்க்கால்பாலம் வரை கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்தேன். தலைமையிலிருந்து பெரியவர்கள் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சியைக் கிரேன் வைத்து மேடையில் இறக்கினார்கள், சனம் கைதட்டியது. ஆள் இருப்பதற்கு அடையாளமாக இரண்டு கண் மட்டும் வெளியே தெரிந்தது. சலவைக்குப் போகிற மூட்டை ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. வரிசை மட்டும் நிற்கவில்லை, அந்த மேடையிலும் ஏறி ஏறிப் போர்த்திக்கொண்டிருந்தார்கள், சபதம் சபதம்தானே. பெரியவர்கள் மகிழ்ந்துபோய்த் தாங்களும் ஆளுக்கொரு பட்டுச் சால்வை போட்டார்கள். அது அவர்கள் காலடியிலேயே விழுந்தது.

பேசுங்கள் என்று மைக்கை முன்னால் வைத்தார்கள். ம்ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது. சனம் சிரித்தது, கைதட்டியது. திரும்பவும் ம்ம்ம். நான் காதில் மாட்டும் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். துணிக்கு உள்ளே, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி, அந்த மனுசன் அழுதுகொண்டிருந்தார். மூச்சு முட்டுது, சொல்லிடுதேன், சொல்லிடுதேன், யாராச்சும் கேளுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தபோது வாய் வெளியே இல்லை. மேடையில் இருந்தவர்கள், தம்பி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று மக்களுக்கு விளக்கம் சொன்னார்கள். சனம் இன்னும் பலமாகத் தட்டியது. அப்படியே கைதட்டலோடு அடங்கியிருப்பார். அது நடந்தாலும் குற்றமில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

சந்தனமாரி மேடையேறினாள். கையில் துணி இல்லை. வரிசை ஒதுங்கி வழிவிட்டது. கிட்டப் போய்த் துணிக்குவியலில் காதை வைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள், அவர் கெஞ்சட்டும் என்றே கேட்டாள். பிறகு ஸ்டாண்டிலிருந்து மைக்கைப் பிடுங்கி, மடிப்பு மடிப்பாக விலக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு அவர் வாயருகில் கொண்டுபோய் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சத்தம் கூட்டுகிற திருகை முழுசாகத் திருப்பிவிட்டேன்.

“சுடலைமுத்து உள்ள கெடக்கான்னு எனக்குத் தெரியும்” என்று அண்ணாச்சி குரல் ஊர் முழுக்கக் கேட்டது. “அவம் பொண்டாட்டி சொன்னா. கண்ணாடிய ஏத்திட்டு, போகச் சொல்லி நாந்தான் கை காட்டுனேன். அவன் குடிக்கல. குடிச்சாம்னு எழுதச் சொன்னதும் நாந்தான்.”

திடலில் கேட்டது, பஸ் ஸ்டாண்டில் கேட்டது, வாய்க்கால்பாலத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். பெரியவர்களில் ஒருத்தர் எழுந்து ஒயரைப் பிடுங்கு என்று கத்தினார். எந்த ஒயர் என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி நிறுத்தாமல் மாணிக்கவல்லியைச் சொன்னார், மீரான் பாயின் வாப்பாவைச் சொன்னார், படியில் விழுந்த கிழவரைச் சொன்னார். ஒவ்வொரு பேர் சொன்னதும் அந்தப் பேருக்கு வந்த துணியெல்லாம் கழன்று விழுந்தது. விழுந்ததை அந்தந்த வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் முட்டவில்லை, யாரும் அழவில்லை. இனி இது தன் ஆளுக்கு என்று மார்போடு அணைத்து ஆற்றில் விடக் கொண்டுபோனார்கள். மூட்டை கரைந்து கரைந்து உள்ளே இருந்த ஆள் தெரிந்தார், வியர்வையில் ஊறி, பாதியாக இளைத்து. கடைசியில் பச்சைக்கரை மட்டும் இருந்தது. அவர் இரண்டு கையாலும் அதை இழுத்தார். வரவில்லை. சந்தனமாரியைப் பார்த்தார்.

“அதான் சொல்லிட்டேன்லா” என்றார்.

“சொன்னீங்க” என்றாள். “அது இருக்கட்டும். அவருக்குப் போர்த்தவிடல நீங்க. ஒங்களுக்குப் போர்த்தியாச்சு. போர்த்துனத எடுக்கப்படாது.”

மேயர் சீட்டு வேறொருத்தருக்குப் போனது. கேஸ் நடக்கிறது, வாய்தா வாய்தாவாக. பாக்கியநாதன் மறுப்புச் செய்தி போட்டார், உள்பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, விரல்கடை நீளத்துக்கு. போஸ்டர்களைக் கிழித்து வேறு போஸ்டர் ஒட்டினார்கள். வளாகத்துக்கு முன்னால் இன்னொரு பாலம் வரப்போகிறதென்று இப்போது அளந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் மேடைகளில் பொன்னாடை நீட்டினால் தலைவர்கள் முதலில் ஓரத்தைத் திருப்பி மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குனிகிறார்கள்.

சந்தனமாரி இப்போது ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குவதில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் ‘சுடலைமுத்து ஸ்டாப்’ என்று கூப்பிடுகிறார்கள், அவள் அங்கேயே இறங்கிப் படிக்கட்டில் கடை விரிக்கிறாள். எதிரே ஸ்டாப் பெஞ்சில் பரஞ்சோதி அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். அவர் விரும்பி வருவதில்லை. விடிந்ததும் துணி கழுத்தைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுகிறது, கன்றுக்குட்டியைக் கயிற்றில் கூட்டிவருகிற மாதிரி. துணி வெளுக்கவும் இல்லை, கிழியவும் இல்லை. ஊர் பெருக்கிறது, தினமும் புது ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், கழுத்தில் கம்பெனி அட்டையும் முதுகில் பையுமாக, யாராவது ஒருத்தர், யாருங்க அது சுடலைமுத்து என்று கேட்காமல் இருப்பதில்லை. ஆட்டோக்காரர் பெஞ்சைக் கைகாட்டுவார். பெரியவரே, அது யாரு என்று அவர்களும் போய்க் கேட்பார்கள். கேட்டதும் துணி மெதுவாக இறுகும்.

நேற்றும் அப்படித்தான் ஒரு பெண்பிள்ளை கேட்டது. அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி, அது இங்கன கருவாட்டுக்கடை வச்சிருந்தவரு, குடிக்காத மனுசன், உள்ள கெடக்காருன்னு தெரிஞ்சே நாந்தான் இடிக்கச் சொன்னேன், அவருக்கு எடுத்த கோடிதான் இது என்று முணுமுணுத்தார்.

எதிர்ப்படியில் சந்தனமாரி நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“இங்க கேக்கல அண்ணாச்சி” என்றாள். “சத்தமா.”